45 வயதில் மீண்டும் நீர்ச்சறுக்கு: மூளைக்கு நினைவிருக்கிறது, தசைநாணுக்கு இருக்கிறதா?

பள்ளி விடுமுறை. ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு லுமுட் பக்கமோ புத்ராஜெயா ஏரிக்கோ போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் ஒரு படகு, பின்னால் ஒரு கயிறு, கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நீர்மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். அதுவரை நிழலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து நிற்கிறார். "பங்கோர் ரிசார்ட்ல வேலை பார்த்தப்ப இதெல்லாம் தினம் செஞ்சதுதான்டா. சைக்கிள் மாதிரி. மறக்கவே மறக்காது."

மாமா சொல்வதில் பாதி உண்மை. ஆபத்து அந்த உண்மையான பாதியில்தான் இருக்கிறது. உடல் மொத்தமும் மறந்திருந்தால் அவர் முதல் முயற்சியிலேயே தண்ணீரில் குப்புற விழுந்து, சிரித்துவிட்டு, கரைக்கு வந்துவிடுவார். மூளை மறக்காததால் அவர் எழுந்து நின்றுவிடுவார். வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்துவார். அப்போது அவரைத் தாங்கும் தசைநாண்கள் 20 வயது மாமாவுடையவை அல்ல.

நடுத்தர வயதில் ஒரு பழைய விளையாட்டுக்குத் திரும்பும்போது உடலில் எது சீக்கிரம் திரும்பி வருகிறது, எது மெதுவாக வருகிறது, எதைச் சோதிக்காமல் தண்ணீரில் இறங்கக்கூடாது? நீர்ச்சறுக்கை வைத்துப் பார்ப்போம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

1922 ஜூலை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், லேக் சிட்டி. ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞருக்கு 19 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. பனியில் சறுக்க முடிந்தால் தண்ணீரில் ஏன் முடியாது என்று பீப்பாய்ப் பலகையில் முயன்றார், பனிச்சறுக்குப் பலகையில் முயன்றார், எதுவும் சரிவரவில்லை. கடைசியில் நுனி வளைந்த பலகைகளைத் தானே செய்து, அண்ணன் ஓட்டிய படகின் பின்னால் பெப்பின் ஏரியில் எழுந்து நின்றார். சில ஆண்டுகளில் முதுகு அடிபட்டு விளையாட்டை விட்டுவிட்டார். பிறகு வான்கோழிப் பண்ணை. இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தவர் இவர்தான் என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் ஏற்றுக்கொண்டது 1966-ல்தான்.

போட்டியாக இதில் மூன்று பிரிவுகள். ஸ்லாலம் என்பது ஒற்றைப் பலகையில் ஆறு மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றுவது. ட்ரிக்ஸ் என்பது 20 விநாடிக்குள் எத்தனை வித்தை காட்ட முடியுமோ அத்தனை காட்டுவது. மூன்றாவது, சாய்மேடையிலிருந்து தாண்டுவது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்தது, பிறகு ஒலிம்பிக் பக்கம் வரவில்லை. நம் வட்டாரத்தில் சீ விளையாட்டுப் போட்டிதான் இதன் பெரிய மேடை: 2015-ல் சிங்கப்பூரின் பெடோக் நீர்த்தேக்கம், 2017-ல் நம் புத்ராஜெயா.

மலேசியாவில் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசினால் யோங் குடும்பத்தைத் தாண்டிப் போக முடியாது. 2001, 2002-ல் மினார்டி அணிக்காக ஓட்டிய நாட்டின் முதல் எஃப்1 ஓட்டுநர் அலெக்ஸ் யோங்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார் பந்தய உச்சத்துக்குப் பிறகு நீர்ச்சறுக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்தவரும் அவர்தான். தங்கைகள் பிலிப்பா, ஆலியா இருவரும் தேசிய வீராங்கனைகள்.

வயது ஏறினால் ஒதுங்கிக்கொள் என்று சொல்லாத விளையாட்டும் இதுதான். 35-க்கு மேல், 45-க்கு மேல், 55-க்கு மேல், 65-க்கு மேல் என்று தனித்தனி வயதுப் பிரிவுகளோடு உலகப் போட்டி நடக்கிறது. ஸ்லாலத்தில் திறந்த பிரிவு ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ., 35-க்கு மேற்பட்டோர் பிரிவில் 55. வெறும் 3 கி.மீ. வித்தியாசம்! ஆகவே மாமாவைப் பார்த்து "இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு" என்று கேட்பது தப்பு. "எத்தனை வாரம் தயார் பண்ணீங்க?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் மூளை மறப்பதில்லை?

சைக்கிள், நீச்சல், ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது எல்லாம் ஒரே வகை நினைவு. வாய்ப்பாடு மறந்துபோகும், பழைய ஆசிரியரின் பெயர் மறந்துபோகும். கை கால் கற்றது மட்டும் பல பத்தாண்டுகள் தங்கும். சிறுமூளையும் மூளையின் உட்புற முடிச்சுகளும் இதைப் பார்த்துக்கொள்கின்றன. எப்போது முழங்காலை மடக்குவது, எடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைச் சொல்லில் விளக்க முடியாது. கேட்டால் மாமாவுக்கே சொல்லத் தெரியாது. கயிறு கையில் வந்ததும் உடம்பு தானாகச் செய்யும். பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டியிடம் இன்றைக்கு உளியைக் கொடுத்துப் பாருங்கள், பட்டையில் கத்தி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்பதை அவர் கை சொல்லும். 300 மரம் வெட்டச் சொன்னால்தான் முதுகு வேறு கதை சொல்லும்.

20 வருடம் கழித்துத் திரும்புகிறவர்கள் பலருக்குத் திறமை ஓரிரு நாளிலேயே திரும்பிவிடும். புதிதாகக் கற்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. திறமையும் உடலும் அவருக்குச் சேர்ந்தே வளர்கின்றன, மெதுவாக. திரும்பி வருகிறவரிடம் திறமை முன்னால் ஓடிவிடுகிறது.

வயது செய்ததா, உட்கார்ந்திருந்தது செய்ததா?

இந்தக் கேள்விக்கு ஒரு அருமையான பதில் இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். ஆய்வுக்காகத்தான். இதயமும் நுரையீரலும் தசைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் திறன் கடுமையாகச் சரிந்தது. 30 வருடம் கழித்து, 50 வயதான அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடல் கொழுப்பு இரண்டு மடங்கு.

முடிவு என்ன தெரியுமா? மூன்று வாரப் படுக்கை செய்த சேதம், 30 வருட வயது செய்த சேதத்தைவிட அதிகம். அதோடு, ஆறு மாதம் படிப்படியாக நடை, ஓட்டம், சைக்கிள் பயிற்சி கொடுத்ததும் ஐந்து பேரின் ஆக்சிஜன் திறனும் 20 வயதில், படுக்கைக்கு முன்பு இருந்த அளவுக்கே சராசரியாகத் திரும்பியது. எடை கொஞ்சம்தான் குறைந்தது, ஆனாலும் திரும்பியது.

ஐந்தே பேர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரே மனிதர்களை 30 வருட இடைவெளியில் இவ்வளவு நுணுக்கமாக அளந்த ஆய்வுகள் ரொம்பக் குறைவு. மாமாவுக்கு இது நல்ல செய்தி: மூச்சு திரும்பி வரும். இதைப் படிக்கிற உங்களுக்குத்தான் கொஞ்சம் சங்கடமான செய்தி. பல்கலைக்கழகம் முடித்ததும் விளையாட்டை விட்டுவிட்டு நாற்காலியில் ஒட்டிக்கொண்டீர்களே, சரிவு அப்போதே தொடங்கிவிட்டது. 45 வரை அது காத்திருப்பதில்லை.

திரும்பாததும் சில உண்டு. உச்ச இதயத் துடிப்பு வயதோடு குறைந்துகொண்டே போகும், பயிற்சி அதை மீட்காது. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கு: 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். 20 வயதில் 194, 45 வயதில் சுமார் 176. தசையும் 30-க்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 விழுக்காடு குறைகிறது என்பார்கள். அதிலும் சட்டென்று வெடித்து இயங்கும் சக்தி முதலில் போகும். மெதுவாக மளிகைப் பையைத் தூக்க முடிகிற அதே மனிதர், படகு திடீரென இழுக்கும்போது ஈடுகொடுக்கத் தடுமாறுவது இதனால்தான்.

அணுகுண்டு காட்டிக்கொடுத்த தசைநாண்

தசையை எலும்போடு கட்டும் நார்தான் தசைநாண். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. அதனால் காற்றில் கார்பன்-14 எகிறியது. சோதனைகள் நின்றதும் மெல்ல மெல்லக் குறைந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடல் திசுக்களில் அந்த அளவு தேதி முத்திரை மாதிரிப் பதிந்துவிட்டது.

2013-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த முத்திரையைக் குதிகால் தசைநாணில் படித்துப் பார்த்தார்கள். தசையில் கார்பன் புதுப்பிக்கப்பட்டிருந்தது. தசைநாணின் மையப்பகுதியிலோ சுமார் 17 வயதோடு கணக்கு நின்றிருந்தது. அதாவது, உடலின் உயரம் நின்றபோது எந்த நார் இருந்ததோ, ஏறக்குறைய அதே நாரைத்தான் 50 வயதிலும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

அதற்காகத் தசைநாண் செத்த கயிறு என்று நினைக்க வேண்டாம். பளு கொடுத்தால் அது விறைப்பையும் வலுவையும் கூட்டிக்கொள்ளும், ஆனால் மாதக் கணக்கில். தசை வாரக் கணக்கில் மாறும். திறமையோ நாள் கணக்கில். மூன்றும் மூன்று வேகம்.

இன்னும் இரண்டு விஷயம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தசைநாணின் நார்களைப் பிணைத்து விறைக்க வைக்கும், காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குத் தசைநாணைக் கிழிக்கும் பக்கவிளைவு உண்டு, அதிலும் 60-ஐத் தாண்டியவர்களுக்கு அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு இப்படியொரு மருந்து சாப்பிட்டவர் அடுத்த சில வாரங்களுக்குக் கயிற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

எல்லாம் நடப்பது முதல் சில விநாடிகளில்

நீர்ச்சறுக்கில் விழுவதுதான் ஆபத்து என்று தோன்றும். அனுபவசாலிகளுக்கு அது சரி. புதியவர்களுக்கும், நீண்ட இடைவெளி விட்டு வருகிறவர்களுக்கும் ஆபத்து எழும்போதே காத்திருக்கிறது.

தொடக்கம் இப்படி: மிதவைச் சட்டையோடு தண்ணீரில் மல்லாந்த மாதிரி மிதக்கிறீர்கள். முழங்கால் இரண்டும் நெஞ்சோடு, பலகை நுனிகள் நீருக்கு மேலே, கை நேராக, பிடி முழங்காலுக்கு முன்னால். படகு இழுக்கிறது. இப்போது பந்து மாதிரிச் சுருண்டே இருக்க வேண்டும். தண்ணீர் உங்களைத் தானாகத் தூக்கும். பலகை நீர்மேல் வந்த பிறகுதான் மெதுவாக எழ வேண்டும்.

பொறுமையில்லாதவர் என்ன செய்கிறார்? பலகை இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே முழங்காலை நீட்டிவிடுகிறார். கால் நேராகிவிடுகிறது, இடுப்பு மட்டும் மடங்கியிருக்கிறது, படகு உடலை முன்னால் இழுக்கிறது. தொடையின் பின்பக்கமுள்ள ஹேம்ஸ்ட்ரிங் தசைகள் இடுப்பிலும் முழங்காலிலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு இழுபடுகின்றன. நாம் உட்காரும்போது நாற்காலியில் படும் எலும்பு இருக்கிறதே, அங்கேதான் இந்தத் தசை தொடங்குகிறது. சில நேரம் அந்த எலும்பிலிருந்தே மொத்தமாகப் பிய்ந்து வந்துவிடும்.

விளையாட்டு மருத்துவத்தில் இது புதிதல்ல. 1996-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று இப்படி அடிபட்ட 12 நீர்ச்சறுக்கு வீரர்களை ஆராய்ந்தது. புதியவர்கள் நீரிலிருந்து எழும்போது அடிபட்டிருந்தார்கள், தேர்ந்தவர்கள் விழும்போது.

"டப்" என்று ஒரு சத்தம் கேட்டது போல இருக்கும் என்பார்கள். பிறகு உட்கார முடியாது, குனிய முடியாது, இரண்டொரு நாளில் தொடையின் பின்புறம் கருநீலமாகும். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்." சாதாரணச் சுளுக்கு என்றால் தானாகவே ஆறிவிடும். முழுதாகப் பிய்ந்த தசைநாண் ஆறாது. அது தொடைக்குள் கீழே சுருங்கிப் போகும், பக்கத்திலுள்ள பெரிய நரம்போடு ஒட்டிக்கொள்ளும். அறுவைச் சிகிச்சை தேவையானால் சில வாரங்களுக்குள் செய்வதற்கும் மாதங்கள் கழித்துச் செய்வதற்கும் பலனில் நிறைய வித்தியாசம். சத்தம் கேட்டது, கருத்துப் போச்சு, உட்கார முடியல: இந்த மூன்றும் இருந்தால் உருவுகிறவரிடம் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்ரேயில் மட்டும் இது சரியாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

"நீர்ச்சறுக்கா? எங்க அப்பா சுங்கை சிப்புட்ல தோட்டத்துல வளர்ந்தவரு. படகு ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சரிதான். படகு, எண்ணெய், ஓட்டுநர் எல்லாம் சேர்ந்தால் இது பணக்கார விளையாட்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லயத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு திடல், ஒரு காற்பந்து. ரிசார்ட்டிலோ படகுத்துறையிலோ வேலைக்குப் போன சிலருக்குத்தான் வேலை நேரம் முடிந்த பிறகு பலகையில் ஏறும் வாய்ப்பு வந்தது.

ஆனால் இன்று 45, 55 வயதில் இருக்கும் பேராக் தமிழர்களில் பலரும் லய வீடுகளில் வளர்ந்த தலைமுறை. சின்ன வயதில் தினமும் நடை, ஓட்டம், பால் வாளி தூக்குவது என்று உடம்பு ஓயாமல் இயங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின, மக்கள் ஈப்போவுக்கும் பட்டணங்களுக்கும் வந்தார்கள். வேலை இப்போது லாரி ஓட்டும் இருக்கையில், பாதுகாவலர் நாற்காலியில், தொழிற்சாலை வரிசையில். மனத்தில் மட்டும் அந்தத் திடல் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் காற்பந்தோ ஃபுட்சாலோ பூப்பந்தோ, மச்சான் கூப்பிட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். பந்தைப் பார்த்ததும் கால் 20 வயது வேகத்தில் பாய்கிறது. கிழிவது அதே ஹேம்ஸ்ட்ரிங், அதே குதிகால் தசைநாண். மேலே படித்ததில் படகை எடுத்துவிட்டுப் பந்தை வையுங்கள், கதை மாறாது.

இதயம்: இதை மட்டும் தவிர்த்துவிட்டுப் போகக்கூடாது

1993-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டது. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ கடுமையான உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, அந்த உழைப்பின்போதும் உடனடியாகப் பின்னும் மாரடைப்பு ஆபத்து 2.4 மடங்குதான் கூடியது. வாரம் ஒருமுறைகூடச் செய்யாதவர்களுக்கு 107 மடங்கு.

அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். எந்த ஒரு மணி நேரத்திலும் ஒருவருக்கு மாரடைப்பு வரும் அடிப்படை வாய்ப்பு மிகமிகச் சிறியது, அதை 107 மடங்காக்கினாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 2.4-க்கும் 107-க்கும் நடுவில் உள்ள தூரம்தான் தயாரிப்பின் மதிப்பு. நீர்ச்சறுக்கில் கூடுதலாக ஒன்று: கைப்பிடியை இறுக்கிப் பிடித்து உடம்பை விறைத்து வைத்திருப்பது இரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றும்.

நம் நாட்டு நிலவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். நீரிழிவு உள்ள ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் நீரிழிவு விகிதம் அதிகம். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மாமா சொல்வது, பரிசோதித்துப் பார்த்துச் சொல்வதா, பார்க்காமலே சொல்வதா?

பணம் காரணமாகத் தள்ளிப்போடுகிறார் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் பண உதவி பெறும் குறைந்த வருமானப் பிரிவினரும் துணைவரும், 40 வயதானவுடன், இலவச உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசாங்க கிளினிக்கிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் செய்கிறார்கள். இணையத்தில் தகுதி பார்ப்பது பெரியவர்களுக்குச் சிரமம். இருமொழி தெரிந்த உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், படி ஏறினால் வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, விளையாடும்போது மயக்கம், 50-க்கு முன் மாரடைப்பு வந்த அப்பாவோ அண்ணனோ: இதில் எது இருந்தாலும் மருத்துவர் சரி சொல்லும்வரை கரையிலேயே இருக்கட்டும்.

சரி, திரும்புவது எப்படி?

மூன்று மாதம். அதற்குக் குறைவாகச் சொன்னால் தசைநாணை ஏமாற்றுவதாகும்.

முதல் மாதம் வேகநடை, சைக்கிள். மாலையில் திடலைச் சுற்றினாலே போதும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தொடங்கி, பேச்சு திணறுகிற வேகத்துக்கு மெல்லப் போகலாம். கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. இரண்டாம் மாதத்தில் ஹேம்ஸ்ட்ரிங்கைக் கவனிக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையை இரு கையில் பிடித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பில் மட்டும் மடங்கிக் குனிந்து நிமிர்வது எளிய தொடக்கம். பிறகு நோர்டிக் பயிற்சி: முட்டி போட்டு நின்று, இன்னொருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை முன்னால் மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்ப்பது. செய்து பாருங்கள், உங்களுக்கே வலிக்கும். இந்த ஒரு பயிற்சியைச் சேர்த்த அணிகளில் ஹேம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை, 8,000-க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களின் தரவைத் தொகுத்து 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் பிடிக்கான வேலை. கம்பியில் தொங்குவது, துண்டைக் கம்பத்தில் சுற்றி இழுப்பது.

தண்ணீருக்கு வரும்போது ஒற்றைப் பலகை வேண்டாம், அகலமான இரட்டைப் பலகை. 90-களுக்குப் பிறகு பலகைகளின் வடிவம் நிறைய மாறிவிட்டது. அகலமானவை குறைந்த வேகத்திலேயே தூக்கிவிடும், இழுவையும் குறைவு. மாமாவின் பழைய நினைவு இங்கே உதவாது, அவர் பழகியது குறுகலான பலகை. பெரியவர்கள் இரட்டைப் பலகையில் போக மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகமே தாராளம். முதல் நாள் நான்கைந்து சுற்று, ஒவ்வொன்றும் சில நிமிடம், அவ்வளவுதான். களைத்த பிறகு போகும் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" சுற்றில்தான் அடிபடும் என்று எந்தப் பயிற்றுநரும் சொல்வார். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். போராடக்கூடாது.

கூச்சமில்லாமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு: வேகத்தில் விழும்போது தண்ணீர் உடலின் திறப்புகளுக்குள் அழுத்தத்தோடு புகுந்து உட்காயம் ஏற்படுத்தும், குறிப்பாகப் பெண்களுக்கு. மெல்லிய நீச்சலுடை போதாது, நியோப்ரீன் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

படகில் ஓட்டுநரைத் தவிர, பின்னால் பார்த்துக்கொண்டே வர இன்னொருவர் கட்டாயம். அந்த வேலை பெரும்பாலும் உங்களுக்குத்தான் வரும், ஆகவே சைகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் இயந்திரத்தை நிறுத்து. தலையில் தட்டினால் கரைக்குப் போகலாம். விழுந்த பிறகு இரு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் "நான் நல்லா இருக்கேன்." காட்டாவிட்டால் உடனே திரும்பிப் போங்கள். ஆளை ஏற்றும்போது இயந்திரம் நின்றிருக்க வேண்டும். மெதுவாக ஓடுவது போதாது, முழுதாக அணைந்திருக்க வேண்டும்.

பேராக்கில் எந்தத் தண்ணீர்?

கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர்தான். கோப்பெங், கம்பார், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் என்று எங்கு போனாலும் பழைய ஈயக் குட்டைகள் பளபளக்கும். 1985-ல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, பள்ளங்கள் ஏரிகளாக நின்றுவிட்டன. யாரிடமாவது சின்னப் படகு இருந்தால் "இங்கயே இழுத்துப் பார்ப்போமே" என்று தோன்றும்.

வேண்டாம். இயற்கை ஏரியைப் போல இவற்றின் கரை படிப்படியாகச் சரிவதில்லை, இரண்டு அடி தள்ளினால் பல மீட்டர் ஆழம். அடியில் படிந்திருப்பது சுரங்கம் கழுவிவிட்ட மென்சேறு, காலை வைத்தால் உள்ளே வாங்கும். கரை மணல் இடிந்து விழும். மீன் பிடிக்கவும் குளிக்கவும் போனவர்கள் இப்படிப்பட்ட குட்டைகளில் மூழ்கிய செய்தி பேராக்கில் புதிதல்ல. வடக்கே தெமெங்கோர் ஏரி அழகுதான், ஆனால் அணை கட்டியபோது காட்டோடு மூழ்கிய இடம் அது. மரக்கட்டைகள் இன்னும் நீருக்கடியிலும் நீர்மட்டத்தை ஒட்டியும் நிற்கின்றன. படகு மெதுவாகப் போனால் சமாளிக்கலாம், 45 கி.மீ. வேகத்தில் பலகையில் போகிறவருக்கு ஒரு கட்டை போதும். தடம் அளந்து, ஆழம் தெரிந்து, மற்ற படகுகளை விலக்கி வைத்திருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். அதற்காக ஈப்போவிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருந்தாலும் சரி.

நன்னீர் ஏரி எதுவானாலும் எலிச் சிறுநீர் நோயை மறக்க வேண்டாம். 2000-ல் சபாவில் நடந்த ஈகோ-சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு, ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பங்கேற்பாளர்களில் 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருந்தன, 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். செகாமா ஆற்று நீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கிருமி சிராய்ப்பு வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் உள்ளே போகும். காலில் ஆறாத புண் உள்ளவர், குறிப்பாக நீரிழிவுக்காரர், அது ஆறும்வரை தண்ணீரில் இறங்கக்கூடாது. ஏரிக்குப் போய் வந்த ஒன்றிரண்டு வாரத்தில், சில நேரம் நான்கு வாரம் வரைகூட, கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டெங்கி என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கிளினிக்கில் முதல் வாக்கியமாக, எந்தத் தேதியில் எந்த ஏரியில் இறங்கினார் என்பதைச் சொல்லுங்கள்.